கசக்குற பழக்கம்

பேனாதான? இருக்குது, இருக்குது. பையில எங்கியோ கெடக்குது, எடுத்து தரேன். இன்னா அவசரம் உனுக்கு? ரயிலு இந்த ஆட்டம் ஆடுது, இப்ப எழுதினா எழுத்தெல்லாம் கோணிக்கும். பங்காருபேட்டையில கொஞ்ச நேரம் நிப்பான். அப்ப எழுதிக்கலாம்.

இன்னா ஃபாரம் அது, காட்டு. ஓ, கண்ணாடிய எடுக்குற லேசரா! யாருக்கு, ஜன்னலாண்ட கண்ணாடி போட்டுகினு தூங்குதே, அந்த பொண்ணுக்கா? உம் பொண்ணா? அதான பாத்தேன், அதே மூக்கு. நீங்க ஊரிகாமா? நாங்க சாம்பியன் ரீப்ஸ். கிருஷ்ணம்மான்னு கேளு, எங்க சுரங்கத்து லைன் வூடுங்கள்ல எல்லாருக்கும் தெரியும். வாயாடின்னு சொல்லுவாங்க. சொல்லிட்டு போவட்டும்.

மாப்ள வூட்டுக்காரங்க சொன்னாங்களா, கண்ணாடி வேணாம்னு? நெனச்சேன்.

எம்பொண்ணு ராதிகாவுக்கும் அதே கததான். மூணு எடம் வந்தாங்க. மூணு பேரும் கேசரிய நல்லா தின்னுட்டு, கண்ணாடிய கழட்டச் சொல்லும்மான்னாங்க. கடைசியா பேத்தமங்களாவுலேர்ந்து வந்தான் பாரு ஒருத்தன். தலைல இருக்குற முடிய எண்ணிடலாம். தொப்ப சட்ட பட்டன தள்ளிகினு நிக்குது. அந்த மூஞ்சிக்கு எம்பொண்ணு சோடாபுட்டியாம்! அவங்கம்மா வேற, பொறக்குற கொழந்தைக்கும் கண்ணாடி வந்துடுமேன்னு இழுக்குறா. அப்ப தொப்ப வராதான்னு கேட்டேன். டீயகூட குடிக்காம எழுந்து போயிட்டாங்க.

சிரிக்காத, எனுக்கு வவுறு எரியுது. அந்த ரோசத்துலதான் பெங்களூருக்கு இட்டுகினு போனேன் அவள. அவ இன்னா கேட்டாளா? எனக்கு கண்ணாடியே போதும்மான்னுதான் சொன்னா. பில்லு போடுற கம்பெனில வேல, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காருவா, கண்ணாடியோட நல்லாதான் இருந்தா.

ஆஸ்பத்திரியா அது? கல்யாண மண்டபம் தோத்துது. கண்ணாடிக் கதவு, ஏசி, செவுரு பூரா ஒரு பொண்ணு படம், கண்ணாடிய தூக்கி வீசிட்டு ஈன்னு இளிச்சிகினு. கவுண்டர்ல ஒரு குட்டி, ஒதட்டுச் சாயம் கலையாம பேசுறா, ஏனூ ஆகல்லம்மா, ஏனூ ஆகல்லம்மான்னு. ஒண்ணும் ஆவாதாம்! பதினஞ்சி நிமிஷத்துல முடிஞ்சிடுமாம். நானு ஒரு ஈடு இட்லி ஊத்தி எடுக்கறதுக்குள்ள அவங்க ரெண்டு கண்ணயும் சரி பண்ணிடுவாங்களாம். அத்தினி பேரு இருந்தாங்களே, ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டாங்களா? கேக்கல. எங்க லைன்ல எல்லார்கிட்டயும் இத்தத்தான் சொல்லிகினு வரேன்.

மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சி. ஏன் பொய் சொல்லணும்? எட்டு மாசம் ராணி மாரி இருந்தா. தங்கம் எடுத்துட்டு மண்ணு கொட்டி வெச்ச சயனைடு மேடு, அது மேல மேயுற ஆட்ட வாசப்படியில நின்னுகினே எண்ணிச் சொன்னா. நானும் அவள பக்கத்துல வெச்சிகினு லைன்ல இந்த கோடியிலேர்ந்து அந்த கோடி வரைக்கும் சும்மாவாச்சும் நடந்துட்டு வருவேன். திமிருதான், வேற இன்னா.

அப்பால ஒரு நாளு, தெருலைட்டு மூணா தெரியுதும்மான்னா. கம்ப்யூட்டர்ல எழுத்துக்குப் பின்னாடி இன்னொரு எழுத்து நிக்குதுன்னா. கண்ணாடி மாத்தி மாத்தி போட்டு பாத்தாங்க, ஒண்ணும் சேரல. கருவிழி மெலிஞ்சிபோயி முன்னால பொடச்சிகினு வருதாம். தேஞ்ச சைக்கிள் ட்யூப்பு ஒரு எடத்துல பொடச்சிகினு வரும் பாரு, அந்த மாரி. சொட்டு மருந்து ஊத்தி ஏதோ லைட்டு காட்டினாங்க. எடது கண்ணு அதோட நின்னுச்சி. வலது நிக்கல, தழும்பு வேற வுழுந்துடுச்சி. இனிமே யாராவது செத்து, அவங்க வூட்டுல மனசு வெச்சி கண்ணு குடுத்தாத்தான் உண்டு. பேரு எழுதி வெச்சிருக்குது. வேல போயிடுச்சி. இப்ப அவளுக்கு பதிலா நான் வண்டி ஏறுறேன், ஒயிட்ஃபீல்டுல ஆபீசு கூட்ட.

ஊர்ல இருக்குற அறிவாளிங்கள கேளு! பக்கத்து வூட்டு வெங்கடம்மா வெளக்கெண்ண ஊத்தச் சொல்றா. எங்க வூட்டுக்காரரு மனோகரு இருக்காரே, அவரு பன்னெண்டு வருசம் சுரங்கத்துல அண்டர்கிரௌண்டு இருட்டுலயே வேல செஞ்சாராம், அவருக்கு கண்ணு நல்லா இருக்குதாம். யோவ், உன்ன யாருய்யா கேட்டா?

அதோ பாரு. உம் பொண்ணு தூக்கத்துலயே கண்ணாடிக்கு கீழ வெரல வுட்டு கண்ண கசக்குது. ஏறினதுலேர்ந்து இது நாலாவது வாட்டி. நான் எண்ணிகினுதான் வரேன்.

தெரியும், நீ சொல்லவே வேணாம். நம்மூரு தூசி. ஆடிக் காத்து அடிச்சா போதும், சயனைடு மேடே வூட்டுக்குள்ள வந்து பாய் மேல படுத்துக்குது. சோத்துல தூசி, கண்ணுல தூசி. நம்மூருல யாரு கசக்கல? நான் கசக்குறேன், நீ கசக்குற, சாமி சிலைக்கு கையி அசஞ்சா அதுவும் கசக்கும்.

அந்த ஃபாரத்துல ரெண்டாம் பக்கம் திருப்பு. கீழேர்ந்து நாலாவது. கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டான்னு கன்னடத்துல போட்டிருக்குதா? இருக்கும். நான் பாத்த ஃபாரத்துலயும் இருந்துச்சி.

ஆமா, கேட்டாங்க. ஒரு கேள்வி கேக்கலன்னு சொன்னேனே, அது பொய்யி. கேட்டாங்க.

ராதிகா பேனாவ வெச்சிகினு, நான் கசக்குவேனேம்மான்னா. நான்தான் புடுங்கினேன். தூசி வுழுந்தா கசக்காம முத்தமா குடுப்பாங்க, அது இன்னா குடி மாரி ஒரு பழக்கமாடின்னு சொல்லி, இல்லன்னு டிக்கு போட்டேன்.

கண்ணு போனப்பறம் டாக்டரு அந்த ஃபாரத்த எடுத்து வெச்சாரு. ஸ்கேன்ல கருவிழி அப்பவே ரெண்டுங்கெட்டானா இருந்துச்சாம், கசக்குற கண்ணுன்னா லேசர தாங்காதாம். இந்த டிக்கப் பாத்துட்டுதான் செஞ்சாராம். ஆமான்னு போட்டிருந்தா தொட்டே இருக்க மாட்டேன், யாரும்மா இத்த போட்டதுன்னாரு.  

ராதிகா சொன்னா, நான்தான் சார் போட்டேன், தெரியாம போட்டுட்டேன்னு.

இன்னிவரைக்கும் என்ன ஒரு வார்த்த கேக்கல. நான் தெருக்கொழாயாண்ட நின்னுகினு அந்த ஆஸ்பத்திரிய கிழி கிழின்னு கிழிக்கிறேன், அவ உள்ள உக்காந்து கேட்டுகினுதான் இருப்பா. ஒரு நாளு வெளிய வந்து, நீதானம்மா போட்டன்னு கத்தினாக்கூட தேவல. கத்த மாட்டேங்குறா.

தோ, பங்காருபேட்ட. நின்னுடுச்சி. இந்தா பேனா.

இரு, நீ எழுதாத. எழுப்பு அவள. அவ கையில குடு.