ஜன்னல் திறந்திருந்தது

நோன்பு நாளில் சிமெண்ட் மூட்டை சுமந்தால் வலி தோளோடு நிற்பதில்லை. வெறும் வயிற்றுக்குள்ளும் இறங்கிவிடும். அலெக்ஸாண்டிரியாவில் மூட்டை தூக்குகிற எவனைக் கேட்டாலும் சொல்வான். அதனால் கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள் ஐயா. களைத்திருந்தேன், அவ்வளவுதான்.

நஜாத்தை வரன் தேடும் செயலியில் அறிந்தேன். விதவை, தையல் வேலை. பெயர், வயது, தொழில். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. நான் அடையாள அட்டையையே படம் பிடித்து அனுப்பியிருந்தேன். என் தெரு, அம்மாவின் நோய், முதுகில் உள்ள தழும்பு, எதையும் மறைக்கவில்லை. ஒருவன் மட்டும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும், மற்றவள் வாயே திறக்கமாட்டாள் என்றால் நியாயமா என்று கேட்டேன். பெருநாள் கழிந்ததும் கடற்கரைக் காப்பிக்கடைக்கு அண்ணனோடு வருவதாகவும், பிடித்திருந்தால் மற்றதைச் சொல்வதாகவும் குரல் பதிவு அனுப்பினாள். விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்குச் சமைத்துக்கொண்டே பேசியிருக்கிறாள். ஜன்னல் திறந்திருந்தது. நோன்புக்கு எழுப்புகிறவர் கொட்டடித்து, வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பின்னால் கேட்டது. "உம்மு ஹாஸிம், எந்திரிங்க" என்றது தெளிவாகவே விழுந்தது.

நான் மூட்டை இறக்காத பேட்டை கிடையாது. போன இடமெல்லாம் கொட்டுக்காரரை விசாரித்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கர்மூஸ் பேட்டையில் ஷஹாத்தா என்பவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என் தொண்டைதான். போன்ல கழுதை கத்துற மாதிரில்ல இருக்கு. பேசுறது தையக்கார நஜாத்து. மாப்பிள்ளையா நீ? பொண்ணு வீடு தெரியாத மாப்பிள்ளைய இப்பத்தான்யா பாக்குறேன்."

மூன்றாம் மாடியைக் கையால் காட்டினார். தோளில் மூட்டை இருந்தால் எந்த மாடிப்படியிலும் யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தவள் அட்டையில் பார்த்த முகத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வீட்ட யாரு சொன்னது?"

"நீங்கதான் சொன்னீங்க."

"நான் சொல்லவே இல்ல. போயிருங்க."

சாத்தப் பார்த்தாள். மூட்டையைக் கதவிடுக்கில் வைத்தேன். கத்த வாயெடுத்தாள். மதியத்தில் நோன்பாளிகள் தூங்குகிற கட்டடம். அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று வாயைப் பொத்தினேன். மூட்டைக்குப் பழகிய கை, மூக்கையும் சேர்த்தே மூடிவிட்டது. சிறிது நேரத்தில் அடங்கினாள். அடங்கிய பிறகும் எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடியும் போகச் சொல்வாள். மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் வைத்திருந்தேன்.

வீடு காட்டியதற்கு ஷஹாத்தாவுக்கு ஐம்பது பவுண்டு தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் எடுத்துவைத்த என் பையில் பணம் இருக்கிறது, கொடுத்துவிடுங்கள். அது தவிர நான் யாருக்கும் எதுவும் பாக்கி வைக்கவில்லை.