இடது இடுப்பு

பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். என் முன் இருக்கையில் ஐம்பது வயதை ஒட்டிய இரண்டு பெண்கள். ஒரத்தநாடு வரை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு சன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"அண்ணி, நான் பெல்லி டான்ஸ் கத்துக்கிறேன்."

"என்னது?"

"வயித்தையும் இடுப்பையும் ஆட்டுவாங்கல்ல, அது. எங்க தெருவுல ஒரு டீச்சர் சொல்லித்தர்றாங்க. பொம்பளைங்க மட்டுந்தான்."

"இந்த வயசுலயா?"

"கர்ப்பப்பையை எடுத்ததுலேருந்து வயிறு என்னுது இல்லாத மாதிரியே இருந்துச்சு அண்ணி."

அண்ணி அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணிக்கிட்டியா? எங்களுக்கு யாரும் சொல்லலையே."

"எப்படிச் சொல்றது? நிலத்துல பங்கு கேட்டுக் கேஸ் போட்டதுலேருந்து அண்ணன் என்கூடப் பேசறதே இல்லையே."

அண்ணி பேச்சை மாற்றினார். "கஷ்டமா, அந்த ஆட்டம்?"

"முட்டியை லேசா மடக்கி நிக்கணும். தோள் அசையாம இடுப்பு மட்டும் மேல போகணும். எனக்குத் தோளுதான் முதல்ல ஆடும். ஒரு மாசம் கழிச்சு, நேத்துதான் இடது இடுப்பு மட்டும் தனியா அசைஞ்சுச்சு. அங்கேயே அழுதுட்டேன்."

தஞ்சாவூர் வந்ததும் இருவரும் எழுந்தார்கள்.

"கோர்ட்டு வாசல்ல உங்கண்ணன் நிப்பாரு. நீ முன்னாடி போ, நான் பின்னால வர்றேன்" என்ற அண்ணி, நாத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வலது பக்கமும் வந்துச்சுன்னா எனக்கு போன் பண்ணு. பகல்ல வீட்டுல நான் மட்டுந்தான் இருப்பேன்."