ரெண்டு கிளாஸ்

அய்யய்யோ தம்பி, அந்தக் கிளாஸ எடுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும் லா. குடிக்காம மிச்சம் வச்சுட்டேன்னு நெனச்சீங்களா? அது எனக்கில்ல, என் வூட்டுக்காரிக்கு. வெரோனிகா. அதனாலதான பீரப் பத்தி எழுதுற நம்ம ஃபேஸ்புக் பக்கத்துக்கே ரெண்டு கிளாஸ்னு பேரு. படிப்பீங்கல்ல? அப்பத் தெரிஞ்சிருக்கணுமே. இந்த செபாஸ்டியன் எந்தக் கடையில ஒக்காந்தாலும் ரெண்டு ஊத்தச் சொல்லுவான்.

வருவா, வருவா. நீங்க ஒக்காருங்க. கொட்டுற மழையில, மத்தியானத்துல யாரு வரப்போறா ஒங்க கடைக்கு? மிதுலன்தான பேரு? இளையதம்பி வாத்தியார் மகனா நீங்க! ஈப்போவுல அவர்ட்ட அடி வாங்காதவன் யாரு? வாத்தியார் மகன் பீர் காய்ச்சுறது வாத்தியாருக்குத் தெரியுமா? சிரிக்கிறீங்க. அப்பத் தெரியாது. சரி சரி, நான் ஏன் சொல்லப் போறேன்.

நானா? ஒரு வாய் வச்சேன். எப்படி இருக்குன்னு இப்பவே கேட்டா எப்படி? அவ சொல்லட்டும். எழுதுறதுதான் நானு தம்பி, ருசி சொல்றது அவ. சத்தியமா. லூமுட்ல ஒருத்தன் புளிப்பு பீருன்னு குடுத்தான். வெள்ளக்காரன் பக்குவமாம். அவன் கைய ஆட்டி ஆட்டி வெளக்கம் சொல்றான், இவ ஒரே வார்த்த: கழுவாத ஒட்டுப்பால் வாளி. அப்படியே போட்டேன். அந்த ரப்பர் நாத்தம் தெரிஞ்ச, எஸ்டேட்ல பொறந்தவங்க பூரா சிரிச்சு உருண்டாங்க, அவன் இன்னிக்கு வரைக்கும் என்கூட பேசுறதில்ல. கோப்பெங்ல காப்பிக்கொட்ட போட்டு கறுப்பா ஒண்ணு செய்றாங்கல்ல? அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? அடுப்புல பாயாசத்த வச்சுட்டு பூசைக்குப் போயிட்ட மாதிரி இருக்கு, அடிப்பிடிச்சிருக்கு, ஆனா இனிப்பு கெடலன்னா. எனக்கெல்லாம் இப்படி வருமா? வரவே வராது.

இத்தனைக்கும் அவ குடிக்கிறவ கெடையாது. எங்க மக ஜானிஸ் பொறந்தப்ப, பிள்ள பெத்த ஒடம்புக்குன்னு எங்கம்மா ஸ்டவுட்டுங்கிற கறுப்பு பீர்ல முட்டய ஒடச்சு ஊத்திக் குடுத்தாங்க. மூக்கப் பிடிச்சுக்கிட்டு குடிச்சா, அதோட சரி. நான் புதுப் பீரு வந்திருக்குன்னு எங்கயாச்சும் கெளம்புனா, ஒரே பார்லித் தண்ணிக்கு எத்தன பேருய்யா வைப்பீங்கன்னு வாசல்ல நின்னு கேப்பா.

அந்த ஃபேனக் கொஞ்சம் நிப்பாட்டுங்க தம்பி. வாசம் பறக்குது.

எங்கம்மான்னு சொன்னேன்ல, அகதா. அது ஒரு தனி ஆளு. கல்லறைத் திருநாள் வந்தா மத்தவங்க மெழுகுவத்தி கொளுத்தி செபம் சொல்லிட்டு வந்துருவாங்க. எங்கம்மா வீட்டுக்கு வந்து, செத்துப்போன எங்கப்பாவுக்குத் தட்டு வைக்கும். சோறு, கருவாட்டுக் கொழம்பு, பக்கத்துல ஒரு கிளாஸ் கள்ளு. ஃபாதர் வந்து சத்தம் போடுவாரு, இது நம்ம பழக்கம் இல்ல அகதா, விட்டுருன்னு. ஞானஸ்நானம் ஆளுக்குத்தான் ஃபாதர், பசிக்கு யாரு குடுத்தான்னு அம்மா கேக்கும். அவரு தலயில அடிச்சுக்கிட்டுப் போயிருவாரு.

அப்புறம் அந்தச் சோத்த எங்களுக்குப் போடும். உப்பு, ஒறப்பு ஒண்ணும் இருக்காது தம்பி, சப்புன்னு கெடக்கும். ஏம்மான்னு கேட்டா, ஒங்கப்பா வந்து ருசிய எடுத்துக்கிட்டாரு, சோறு மட்டும் நமக்குன்னு சொல்லும். ஒரு வருசம் கொழம்பு நாக்க இழுத்துச்சு, அவ்வளவு ருசி. நாங்க போட்டி போட்டுத் தின்னோம். அம்மா மட்டும் கோழிக்கூட்டுப் பக்கம் போயி நின்னு அழுதுச்சு. ருசி இருந்துச்சுன்னா ஆளு வரலன்னு அர்த்தமாம்.

ஏன் இத ஒங்கள்ட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன்? மழைல்ல, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. அது கெடக்கட்டும், இந்தப் பார்லிக்குப் புக போட்டிருக்கீங்கல்ல? ரப்பர் கட்டப் புக. எங்க போட்டீங்க? ஹுத்தான் மெலிந்தாங் போற ரோட்டுலயா? கறுத்துப்போன செங்கல் கட்டடம், மேல தகரம், அதுவா? அதான் தம்பி, அதேதான்! பழைய எஸ்டேட்டு ஸ்மோக் ஹவுஸு. ரப்பர் ஷீட்டு காய வைக்கிற எடம். இப்ப சும்மா கெடக்குதுன்னு வாடகைக்கு எடுத்தீங்களாக்கும்.

வெரோனிகா அங்கதான் வேல பாத்தா, ஷீட்டத் தூக்கி மூங்கில்ல போடுற வேல. எத்தன சீயக்கா தேச்சாலும் அவ தலமுடிய விட்டு அந்தப் புக போவாது. கல்யாணத்தன்னிக்குக் கோயில்ல பக்கத்துல நிக்கிறா, தல நெறய மல்லியப்பூ, அதையும் மீறி அடிக்கிது. எனக்குச் சிரிப்பு. என்னய்யான்னு முறைக்கிறா.

என்ன கேட்டீங்க? யார்ட்டயும் சொல்லலியா? போர்டுல கூட எழுதலியா? அப்பறம் எப்படிக் கண்டுபிடிச்சேன்னா?

அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன் தம்பி. நானாத்தான் கண்டுபிடிச்சேன். அவ சொல்லல.

கோவிட் வந்தப்ப ரெண்டு பேரையும் ஒரே ஆம்புலன்ஸ்லதான் ஏத்துனாங்க. நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். அவ மொகத்தக்கூட காட்டல. வந்ததுலேர்ந்து நாக்குல ருசி இல்ல, மூக்குல வாசம் இல்ல. டாக்டரு நரம்புன்னாரு. எனக்குத் தெரியாதா, நான் அகதா மகன்ல? அவதான் எடுத்துக்குறா. எடுத்துக்கட்டுமே. ஒரு நாள் பீர ஊத்தி, அவ கிளாஸ எதிர்ல வச்சேன். காதுகிட்டயே சொன்னா, இதுவும் பார்லித் தண்ணிதான்யான்னு. அதுலேர்ந்துதான் எழுதுறேன். பைத்தியம்னு நெனக்கிறீங்களா? நெனச்சுக்குங்க. ஊரே அவ சொன்னதத்தான் படிக்குது.

இன்னிக்கு ஒங்க கிளாஸ மூக்குக்கிட்ட கொண்டு வந்தேன், கோயில்ல அடிச்ச அதே வாசம் தம்பி. ஒரு வாய் வச்சேன். அப்புறம் நாக்குல கசப்பு. நல்ல கசப்பு, ஒங்கள ஒரு கொற சொல்ல முடியாது. அப்பப் புடிச்சு காது குடுத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேன். மழைச் சத்தந்தான் கேக்குது. பயமா இருக்கு தம்பி.

ஸ்டாரா? எத்தன ஸ்டார் போட? சொல்றவ இல்லியே.

இருங்க, அவ கிளாஸயும் ஒரு வாய் பாத்துர்றேன். நுர எல்லாம் எறங்கிப்போச்சு.

ம்ம். ருசியாத்தான் இருக்கு லா. கொஞ்சங்கூடக் கொறயல.

எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. ஃபேனயும் போட்டு விடுங்க.