பூசாத சுவரின் வடிவு

கிளிநொச்சிச் சந்தையிலிருந்து கண்டாவளைக்குப் புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவர் திடீரென்று, "எங்கட வீடு இப்ப அரண்மனையாம், அக்கா," என்றார்.

"ஆர் சொன்னது?"

"என்ர மனுசன்தான். பழைய வீடுகளைத் திருத்துற நிகழ்ச்சி ஒண்டு டிவியில போகுது. போன மாதம் அதில ஒரு பெரிய வீட்டின்ர பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துப்போட்டு, வெறுங்கல்லுத்தான் வடிவெண்டு சொல்லிச்சினம். அண்டையிலயிருந்து இவர் எங்கட சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார்."

"இன்னும் பூசேல்லையோ?"

"எங்க பூசினது! ஒவ்வொரு மாரிக்கும் தண்ணி ஊறி, பிள்ளையளின்ர கொப்பியெல்லாம் நனையுது. இந்த வருசம் பூசுறன் எண்டு சத்தியம் பண்ணின மனுசன், இப்ப பூசினா வடிவு கெட்டுப்போம் எண்டுறார்."

மூத்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அந்தாக்கள் மினைக்கெட்டெல்லோ கொத்தினவை. உங்களுக்கு அது தானாக் கிடைச்சிருக்கு."

"பகிடி விடாதேங்கோ அக்கா."

"சரி, நீ என்ன செய்தனீ?"

"பழைய காலத்து வீட்டில டிவி இருக்கேல்லைத்தானே எண்டு சொல்லி, அதைக் கழட்டி அம்மா வீட்ட கொண்டுபோய் வைச்சிட்டன்."

"ஐயோ! மனுசன் ஏசேல்லையோ?"

"ரெண்டு நாள் கதைக்காமல் இருந்தார். மூண்டாம் நாள் கிரிக்கெட் மச். விடிய எழும்பித் தானே போய், சுவர் பூச மேசனைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்."

"அப்ப டிவி திரும்பி வந்திட்டுதோ?"

முரசுமோட்டையில் இறங்குவதற்காகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார் இளையவர்.

"இல்லை அக்கா. உள்ளுக்கு மட்டும்தான் பூசி முடிஞ்சிருக்கு. வெளிச்சுவரும் முடியட்டும்."