ஏழில் ஒரு பெயர்

பொரித்த ரொட்டி, பௌர்சாக், சூடாக இருக்கும்போதே எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஆறினால் மெல்ல முடியாது. அல்மாட்டியிலிருந்து இவ்வளவு தூரம் காரில் வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு கேள்வி கேட்டால் பதிலும் உருப்படியாக வராது. என் தம்பி வேலையிலிருந்து வர நேரமிருக்கிறது, நிதானமாகப் பேசலாம்.

இணையத்தில் வம்சமரம் போடுகிறவர்கள் செய்யும் கூத்தைப் பற்றிக் கேட்டால் நான் நாள் முழுக்கப் பேசுவேன். அடுத்தவன் மரத்திலிருந்து அப்படியே பிய்த்து ஒட்டிக்கொள்வார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். ஒரு மகானுபாவன் மரத்தில் அப்பனுக்கு முன்பே மகன் பிறந்திருந்தான். ஏனய்யா இப்படி என்று கேட்டால், பெரியவங்க சொன்னாங்க என்கிறான். எங்கள் கிளையின் மரத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் என்னைக் கேட்காமல் ஓர் ஈ உட்காராது. உங்கள் தளத்துக்காரர்களுக்கும் அது தெரிந்ததால்தான் உங்களை நேரே என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தாபில்டி என்பவருக்கு அப்பா எசிம்பெக் என்று எழுதியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். சுற்றி வளைப்பானேன். ஆனால் ஏன் எழுதினேன் என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கும் என் மனைவி ரௌஷானுக்கும் பிள்ளையில்லை. பார்க்காத வைத்தியமில்லை, போகாத தர்காவில்லை. மரத்தைத் திறந்தால் ஒவ்வோர் ஆண்பிள்ளைக்கும் கீழே ஒரு கோடு இறங்கும். கெங்கெஸ் என்ற என் பெயருக்குக் கீழே மட்டும் மொட்டையாக இருக்கும். அதைத் தினமும் பார்த்துக்கொண்டு அடுத்தவன் பேரன்களை ஏற்றிக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை.

எங்களில் பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி தன் தலைப்பிள்ளையைக் கொடுப்பது வழக்கம்தான். தம்பி ஐதினுக்கு சான்ஜார் பிறந்தபோது நான் முறைப்படிதான் கேட்டேன். ஆடு அறுத்து, பெரியப்பாவைக் கூப்பிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு கேட்டேன். ஐதின் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கொடுத்திருப்பான், தங்கமான பையன். அவன் மனைவி மக்பால்தான் வாயைத் திறந்தாள்.

"பெரியத்தான், என் உசிரக் கேளுங்க, தர்றேன். புள்ளைய மட்டும் கேக்காதீங்க."

பிறகு ரௌஷான் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க வேணும்னா தினமும் வந்து தூக்கிக்கங்க, நானும் கொஞ்சம் தூங்குவேன்" என்று சிரித்தாள். ரௌஷானும் சிரித்தாள். மறுநாள் பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த தொப்பியைப் பெட்டியின் அடியில் போட்டு மூடினாள். எனக்கு வலித்தது. அதை மறைக்கவில்லை.

கோபப்படவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. மரத்தைத் திறந்தேன், அவ்வளவுதான்.

ஏழு பாட்டன் கணக்கு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழு தலைமுறைக்குள் ரத்தம் ஒன்றாக இருந்தால் அவர்கள் அண்ணன் தங்கை, கல்யாணம் கிடையாது. ஐதின் கல்யாணத்தின்போது பெரியவர்கள் அதைப் பார்த்துத்தான் சரி என்றார்கள். மக்பால் வேறு குலம். ஆனால் அவளுடைய கொள்ளுத்தாத்தா தாபில்டி பிறப்பால் அந்தக் குலத்தவர் இல்லை. பெரும் பஞ்சத்தில் ரயில் பாதை ஓரம் கிடந்த குழந்தை. மேய்ப்பர்கள் எடுத்து வளர்த்து, தாபில்டி, அதாவது கிடைத்தவன் என்று பெயர் வைத்தார்கள். யார் பெற்றது என்று யாருக்கும் தெரியாது. மரத்தில் அவருக்கு மேலே வெற்றிடம்.

எனக்கு வெற்றிடம் பிடிக்காது. அதே பஞ்சத்தில் என் கொள்ளுத்தாத்தா கோய்பகரின் தம்பி எசிம்பெக் மனைவியோடும் குழந்தையோடும் பிழைக்கப் போனவர் திரும்பவே இல்லை. வருஷம் பொருந்தியது. ரயில் பாதையும் பொருந்தியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டேன்.

அந்த ஒரு கோட்டில் ஐதினும் மக்பாலும் ஐந்து தலைமுறைக்குள் வந்துவிட்டார்கள். நான் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. மரத்தில் புதிதாக எது ஏறினாலும் குடும்பத்தார் எல்லோருடைய செல்போனுக்கும் தகவல் போகும், உங்கள் தளத்தில் அது நல்ல வசதி. பெரியப்பா அன்றைக்கே வந்து நின்றார். திரையில் வந்தால் அவருக்கு வேதவாக்கு. "அண்ணன் தங்கச்சிடா நீங்க, பாவிகளா" என்று சொல்லி உட்கார்ந்து அழுதார். ஐதின் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தான்.

மக்பால் அழவில்லை. கெட்டிக்காரப் பெண். எச்சில் சோதனை செய்துவிடலாம், ரத்தம் எதுவென்று தெரிந்துவிடும் என்றாள். நான் உடனே சரி என்றேன். ஒரே சான்றை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான், வேண்டாம் என்று சொல்ல முடியுமா. ஆண்வழி ஆண்களிடம்தான் தெரியும் என்பதால் அவளுடைய அண்ணன் குழாயில் துப்பிக் கொடுத்தான், நானும் துப்பினேன். உங்கள் தளத்துக்கு அனுப்பும் பொறுப்பு என்னுடையது. அவன் எச்சிலைக் கழுவு தொட்டியில் ஊற்றினேன். அந்தக் குழாயில் என் சித்தப்பா மகன் தொக்தாரைத் துப்பச் சொன்னேன். அவன் டாக்சி ஓட்டுகிறவன். ஒரு தட்டு கறி வைத்தால் எதில் துப்பச் சொன்னாலும் துப்புவான், எதற்கு என்று கேட்க மாட்டான். முடிவு வந்தது. இரண்டு பேரும் ஒரே ஆண்வழி.

போன வருஷம் அந்தத் தொக்தாரின் மகள் ஆசைப்பட்டு அவன் எச்சிலை அவன் பெயரிலேயே அனுப்பியிருக்கிறாள். மக்பாலின் அண்ணனும் தொக்தாரும் ஒரே ஆள் என்று உங்கள் கணினி சொல்லியிருக்கிறது. அதனால்தான் நீங்கள் இப்போது என் வீட்டில் தேநீர் குடிக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் பால் விடட்டுமா.

மக்பாலை அழைத்துப் போக அவள் அப்பா வந்தார். மனுஷர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இப்படிப் பிறந்த பிள்ளை பெற்றவன் பெயரில் நின்றால் ஊர் காறித் துப்பும், வேறொருவர் பெயரில் வளரட்டும் என்றார் பெரியப்பா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசிக்க வேண்டும் என்றேன்.

கிளம்பும்போது, கடைசியாக ஒரு தடவை பால் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று மக்பால் கேட்டாள். பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். அது பிள்ளைக்குத்தான் கஷ்டம் என்றாள் ரௌஷான். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். மக்பாலின் மேல்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. பனி விழ ஆரம்பித்துவிட்டது, பாதை மூடிவிடும் என்று நான் சொன்னேன். அது பொய்யில்லை, அன்றைக்கு நல்ல பனி.

பிறகு அவள் பாலர் பள்ளி வேலிக்கு வெளியே வந்து நிற்பதாக ஆயா சொன்னாள். நாங்கள் பள்ளியை மாற்றிவிட்டோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை. எசிம்பெக் கொண்டுபோனது பெண்குழந்தை. வழியிலேயே செத்துவிட்டது, என் தாத்தா சொல்லியிருக்கிறார். ஆகவே தாபில்டி எங்கள் ரத்தம் இல்லை. அந்தக் கோட்டைப் போடும்போதே எனக்கு அது தெரியும்.

ஐதின் எங்களோடுதான் இருக்கிறான், பக்கத்து அறையில். வேறு கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். பாவம் செய்தவன் என்று நினைத்துக்கொண்டு முதல் இரண்டு வருஷம் பிள்ளையைத் தொடவே மாட்டான். சான்ஜார் நடக்கத் தொடங்கி, முதல் நடைச் சடங்குக்காக அவன் கால்களில் கயிறு கட்டி அந்தக் கயிற்றை அறுத்த அன்றும் இவன் கொட்டகையில் போய் நின்றுகொண்டான். இப்போது பரவாயில்லை. பையன் அவனைச் சித்தப்பா என்று கூப்பிடுவான், இவனும் மிட்டாய் வாங்கி வருவான். நான் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

சான்ஜார் இப்போது ஏழு பாட்டன் பெயரையும் மனப்பாடம் செய்கிறான். போன வாரம் என்ன நினைத்தானோ, ஐதின் என்று ஆரம்பித்தான். தினமும் கூடவே இருப்பதால் குழந்தைக்குக் குழப்பம். ஐதினே திருத்தினான். "தப்புடா கண்ணா. மொதல்ல உங்கப்பா பேரு. கெங்கெஸ்." என் தம்பி பொறுப்பானவன்.

எசிம்பெக்கைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். ஆதாரமில்லாத கோடு, இருக்கக் கூடாதுதான். ஆனால் என் பெயருக்குக் கீழே இறங்கும் கோட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐதினின் அப்பாதான் எனக்கும் அப்பா. அங்கிருந்து மேலே ஆறு பெயரும் எப்படியும் அதேதான். மாறியது ஏழில் ஒன்று. இணையத்தில் நான் பார்த்த மரங்களில் இது மிகவும் சுத்தமான மரம்.

கதவுப் பக்கம் என்ன பார்க்கிறீர்கள். ஓ, தம்பி வந்துவிட்டானா. பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறான் பாருங்கள், பனி உருகித் தரையெல்லாம் தண்ணீர். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கையில் மிட்டாய்ப் பொட்டலம்.

சான்ஜார், இங்கே வா. விருந்தாளிக்கு உன் பாட்டன்மார் பெயரைச் சொல்லு. நேராக நின்று சொல்லு.

"கெங்கெஸ், செயித்காலி, ரகிம், கோய்பகர், ஷோக்பார், தாஸ்திபாய், எல்தோஸ்."

ஏன்டா ஐதின் வாசல்லயே நிக்கிற, உள்ள வந்து உக்காரு. பையன் ஒரு பேரு தப்பு விடல, கேட்டியா.