இடது பக்கம் மட்டும் இறுக்கிய ரவிக்கை

நர்ஸம்மா இவ்வளவு நேரம் படம் காட்டிப் பேசினாங்க. நீங்களும் முந்தானையைத் திருகிக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொம்ப ஒழுங்காக் கேட்டீங்க. எனக்கு அவங்களை மாதிரிப் பேச வராது. அஞ்சாப்பு தாண்டல. தெரிஞ்சது தையல் ஒண்ணுதான். அதனால ஒரு ரவிக்கைக் கதை சொல்லிட்டு இறங்கிடுறேன். முக்கால் மீட்டர்தான்... நீளாது.

என் தங்கச்சி செண்பகவல்லியை உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸ்ல உங்க பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பா. போன வருசம் ஆடியில, அரக்கு ரவிக்கையைத் தூக்கிக்கிட்டு என் கடைக்கு வந்தா.

"என்னக்கா தச்சிருக்க? இடது பக்கம் மட்டும் இறுக்குது."

"ஏட்டி, ஒரே துணி, ஒரே கத்திரி. அதெப்படி ஒரு பக்கம் மட்டும் இறுக்கும்?"

"அதை உன் ரவிக்கைகிட்டக் கேளு!"

எனக்கு ரோசம் வந்துடுச்சு. இருபத்திரண்டு வருசமாத் தைக்கிறவ... என் வெட்டுல குறையா? உள்ளே மடக்கி விட்ட துணி இருக்கும்ல... பிரிச்சேன், அரை இஞ்சு விட்டேன், தச்சேன். வைத்தியம் முடிஞ்சது! யாருக்கு? ரவிக்கைக்கு!

தீபாவளிக்கு மறுபடி வந்தா. அதே ரவிக்கை, அதே இடது பக்கம்.

"அக்குள்கிட்டயும் பிடிக்குதுக்கா."

"துவைச்சுத் துவைச்சுத் துணி சுருங்கியிருக்கும்டி."

"சுருங்கினா ரெண்டு பக்கமும்லா சுருங்கும்?"

"வாய் பேசாத. கொண்டா இங்க."

எவ்வளவு நல்ல கேள்வி கேட்டிருக்கா பாருங்க! என் கழுத்துல டேப் தொங்குது. எதிர்ல கூடப்பிறந்தவ நிக்கிறா. அளந்தேனே... எதை? துணியை! "வலிக்குதாடி?"ன்னு மட்டும் கேட்டேன். "வலியெல்லாம் இல்ல"ன்னா. வலி இல்லேன்னா நோய் இல்ல! எந்த டாக்டர் சொன்னது? நாங்க ரெண்டு பேருமே சொல்லிக்கிட்டோம்.

தை மாசம் மூணாவது தடவை. பிரிச்சு விட உள்ளே துணியே இல்ல. விட்டுடுவேனா? நிறம் பார்த்து ஒட்டுத்துணி வச்சேன். "தெரியவே இல்லக்கா!"ன்னு சிரிச்சுக்கிட்டே போனா. "கட்டி ஏதும் தட்டுப்படுதாடி?"ன்னு ஒரு வார்த்தை... சேச்சே, அதெல்லாம் கேக்கலாமா? நாம மானமுள்ள குடும்பம்!

மாசியில அக்குள்ல கட்டி புடைச்சப்புறம்தான் மதுரைக்கு ஓடினோம். டாக்டரம்மா கேட்டாங்க: "எத்தனை நாளா மாற்றம் தெரியுது?"

"ஒரு மாசமாத்தான்"னா செண்பகம்.

கழட்டி வச்ச ரவிக்கை என் மடியில கிடந்துச்சு. புரட்டிப் பார்த்தேன். ஆடியில பிரிச்ச ஊசித்தடம். பக்கத்துல தீபாவளிக்குப் பிரிச்ச தடம். அடுத்து, தையில வச்ச ஒட்டு. தேதி போட்டு எழுதி வச்ச மாதிரி... எல்லாம் என் கையெழுத்து. விரலை வச்சுக் காட்டினேன். டாக்டரம்மா முதல் தடத்தைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "அப்பவே வந்திருக்கலாமேம்மா..."

ஆவணியில போயிட்டா. கடைசி ரவிக்கையும் நான்தான் தச்சேன். அதை மட்டும், இறுக்குதுன்னு அவ திருப்பிக் கொண்டு வரல.

அதனால தாயிகளா... ரெண்டு பக்கமும் இறுக்குதா? சந்தோசம்! நல்லாச் சாப்பிட்டிருக்கீங்க. கொண்டாங்க, பிரிச்சுத் தர்றேன். ஒரு பக்கம் மட்டும் இறுக்குதா? தோல் குழியுதா? காம்பு உள்ளே இழுக்குதா? ரவிக்கையை எங்கிட்டக் கொண்டு வராதீங்க. உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. ஒரு பக்கம் இறுக்கினாலே அது புத்துநோய்தான்னு இல்லையாம், நர்ஸம்மா சொன்னாங்க. ரொம்ப நல்லது. இல்லைங்கறதையும் அவங்களே பார்த்துச் சொல்லட்டும். தையல்காரி சொல்ல வேண்டாம்.

அந்தத் துணி மறைப்புக்குப் பின்னால, பரிசோதனை பண்ண வந்த பொண்ணு காலையில இருந்து சும்மா உட்கார்ந்திருக்கு. சுண்டல் வரிசையில மட்டும் நாப்பது பேரு! என்ன... முதல்ல போறவளை மத்தவங்க என்ன நினைப்பாங்களோன்னு யோசனையா?

சரி... மைக்கைப் பிடிங்க. முதல்ல நான் போறேன். என்ன நினைக்கணுமோ, என்னைப் பத்தியே நினைச்சுக்கோங்க. நினைச்சுக்கிட்டே பின்னால வாங்க.