தெரியாதுன்னா தெரியாதுதான்

— ஒரு வரிதானேம்மா? அதை எடுத்துடுன்னுதானே கேக்கறேன். உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?

— எடுக்க மாட்டேன் சார்.

— கீழே ஆஸ்பத்திரிக்காரங்க வந்து உக்காந்தாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல மேல வருவாங்க. அவங்க கண்ணு முன்னாடி நம்ம மெஷின் "கிளம்ப மாட்டேன் போ"ன்னு நின்னா, நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?

— மெஷின் சரியாத்தான் நிக்குது. நிக்கணும்னுதான் எழுதியிருக்கேன்.

— பாரும்மா, நான் விக்கிற பக்கத்துல இருந்து மேனேஜரா வந்தவன். என்கிட்ட மனுஷ பாஷையில பேசு. எதுக்கு நிக்குது?

— சரி, பொறுமையாக் கேளுங்க. அங்க இருக்கறது ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். நான் எழுதற சாஃப்ட்வேர், அதுக்குள்ள பல கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி வேஷம் கட்டி விடுது. அதைத்தான் விர்ச்சுவல் மெஷின்னு நீங்க ஊரெல்லாம் விக்கிறீங்க.

— அதை வித்துத்தான் உனக்குச் சம்பளம். மேல சொல்லு.

— வேஷம் கட்டினதுக்குச் சொந்தமா டிஸ்க் ஏது? எதையாவது எழுதி வைக்கணும்னா, பக்கத்துல ஓடற இன்னொரு ப்ரோக்ராம்கிட்ட குடுக்கணும். அது வாங்கி, நிஜ டிஸ்க்குல எழுதும். அதுக்குப் பேர் பேக்-எண்ட். டிஸ்க் வேலை பாக்கறதால நாங்க டிஸ்க் அண்ணான்னு கூப்பிடறவரோட டீம் எழுதறது.

— சரி.

— மெஷின் கிளம்பும்போது ரெண்டும் முதல்ல பேசிக்கும். "எனக்கு இது தெரியும், அது தெரியும்"னு பேக்-எண்ட் சொல்லும். அதுல வேணுங்கறதை மட்டும் நம்ம பக்கம் ஏத்துக்கும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்சதை வச்சுத்தான் அப்புறம் குடித்தனம். இந்தப் பேச்சு எப்படி நடக்கணும்னு திட்டம் போட்டது நான். அதுல ஒரே சட்டம்தான் இருக்கு. தெரியாததைத் தெரியும்னு சொல்லக் கூடாது.

— அப்படி என்னதான் தெரியாதாம் உங்க அண்ணாவோட புது பேக்-எண்டுக்கு?

— ஃப்ளஷ். "உறுதியா எழுதிட்டியா?"ன்னு மெஷின் கேக்கும். பழசா இருந்தா, நிஜ டிஸ்க்குல போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருந்து, அப்புறம்தான் "ஆச்சு"ன்னு சொல்லும். புதுசுக்கு அந்தக் காத்திருக்கற வேலை தெரியாது; நடுவுல கரண்ட் போனா, இன்னும் எழுதாம வச்சிருந்ததெல்லாம் போச்சு. அது வேகமா ஓடணும்னு நீங்கதான் அதை எடுக்கச் சொன்னீங்க.

— எடுத்ததாலதானே அந்த ஓட்டம் ஓடுது! அந்த வேகத்தைக் காட்டித்தானே ஆஸ்பத்திரியைப் பிடிச்சேன்!

— வேகத்தை வித்தது சரி. கூடவே "ஃப்ளஷ்ஷும் பழையபடி இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தீங்களே, அங்கதான் மாட்டிக்கிட்டோம். அவங்க மெஷின் இத்தனை நாளா ஃப்ளஷ் உண்டுங்கற நம்பிக்கையில ஓடினது. அதைப் புது பேக்-எண்டுக்கு மாத்தினதும் "எங்கடா ஃப்ளஷ்?"னு தேடுது. இல்லைன்னு பதில் வந்ததும் நின்னுடுது.

— "இருக்கு"ன்னு ஒரு பதில் சொல்லிட்டுப் போயேன். சிம்பிள் விஷயம்.

— அந்த மெஷின்ல என்ன ஓடுதுன்னு தெரியுமா சார் உங்களுக்கு?

— ஏதோ வார்டு சாஃப்ட்வேர்.

— நர்ஸ் ஊசி போட்டதும் "போட்டாச்சு"ன்னு தட்டுவாங்க பாருங்க, அந்த சாஃப்ட்வேர். நேத்து டெஸ்ட் ரூம்ல மட்டும் அந்த வரியை எடுத்துட்டு, புது பேக்-எண்டோட அதை ஓட விட்டு, நடுவுல கரண்ட் வயரைப் பிடுங்கிப் பாத்தேன். திரும்ப ஆன் பண்ணினா, போட்ட ஊசியில பாதி போடவே இல்லைன்னு காட்டுது. அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் வந்து அதைப் பாத்தா என்ன பண்ணுவாங்க? நல்ல மனசோட இன்னொரு ஊசி போடுவாங்க.

— அங்க ஜெனரேட்டர் இருக்கும்மா. பெரிய ஆஸ்பத்திரி.

— தீயணைப்பு வண்டி இருக்குன்னு வீட்டுக்குள்ள நெருப்பு வச்சு விளையாடுவீங்களா?

— நீ பேச்சுல கெட்டிக்காரி. ஒத்துக்கறேன். ஆனா வியாபாரம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். முதல்ல கிளம்பட்டும். ஓட்டையைப் பின்னாடி அடைச்சுக்கலாம்.

— பின்னாடின்னா எப்ப? முதல் நோயாளிக்கு முன்னாடியா, பின்னாடியா?

— குரலை இறக்கு. கண்ணாடி ரூம் இது.

— நான் வழி சொல்லாம வம்புக்கு நிக்கல சார். கீழே போய் உண்மையைச் சொல்லுங்க. "ஃப்ளஷ் இன்னும் வரலை, அதுவரைக்கும் பழசுலயே ஓடட்டும்"னு சொல்லுங்க. டிஸ்க் அண்ணாவுக்குக் கொஞ்சம் அவகாசம் குடுத்தா எழுதிடுவார். வேகம் குறையும். ஆனா சொன்ன சொல் நிக்கும்.

— வித்த பொருளை இல்லைன்னு சொல்லச் சொல்றியா? என்னையா?

— இல்லாததை வித்தது நீங்கதானே?

— பாரும்மா... உன் வீட்டுக்காரருக்கு வேலை போயி, அவர் வீட்ல இருக்காருன்னு எனக்குத் தெரியும். இந்த நேரத்துல உனக்கு எதுக்கு இந்த வீறாப்பு?

— அவர் சமைக்கிறார், துணி மடிக்கிறார், பசங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றார். அவரை எதுக்கு சார் இந்த மீட்டிங்குக்கு இழுக்கறீங்க? அவருக்கு அழைப்பு அனுப்பின மாதிரி தெரியலையே.

— நல்லதுக்குச் சொன்னேன்.

— நல்லதுக்குச் சொல்றவங்க பயமுறுத்த மாட்டாங்க.

— சரி, உன்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. அதோ உங்க டிஸ்க் அண்ணாவே வர்றார். வாங்க, உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க.

— சாத்தறேன் சார். சாத்தி என்ன, காரிடர்ல எல்லாரும் உங்க ரெண்டு பேர் உதட்டையே படிச்சிட்டிருக்கானுங்க.

— உங்க தங்கச்சிக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க. நான் சொன்னா ஏற மாட்டேங்குது.

— ஐயோ சார், கூடப் பிறந்த தங்கச்சியே என் பேச்சைக் கேட்டதில்ல. ஆபீஸ்ல கிடைச்ச தங்கச்சி கேக்குமா?

— உங்க பக்கத்துல ஏதாவது சிக்கல் உண்டா?

— என் பக்கம் என்ன சார் இருக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற ப்ரோக்ராம். அதுபாட்டுக்குக் கிடக்கு.

— கேட்டியாம்மா? இருபது வருஷ அனுபவம் பேசுது.

— அண்ணா, நேத்து வயரைப் பிடுங்கும்போது என் பக்கத்துல நின்னு பாத்தீங்க. "அடப்பாவமே"ன்னு தலையில கை வச்சீங்க. இப்ப வாயில என்ன பூட்டு?

— கோபப்படாதம்மா.

— கோபம்தான். அவர் சொன்னாரு, நீங்க ஃப்ளஷ்ஷை எடுத்தீங்க. நாளைக்கு எதை எடுக்கச் சொன்னாலும் எடுப்பீங்க. ஆமாம்சாமி போட்டே காலத்தை ஓட்டிட்டீங்க.

— திட்டு, திட்டு. எனக்கு ஒண்ணும் புதுசில்ல. எத்தனையோ மேனேஜருக்குத் தலையாட்டியாச்சு. கழுத்து வலிதான் மிச்சம்.

— போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க. அவ எடுக்கலைன்னா நான் எடுக்கறேன். அவ சாஃப்ட்வேரைத் திறந்து திருத்த எனக்கும் அனுமதி இருக்கு. டிஸ்க்காரரே, இப்படி வந்து உக்காருங்க. எந்த வரின்னு மட்டும் காட்டுங்க.

— அண்ணா, காட்டாதீங்க.

— கேக்கறாரேம்மா... சார், இன்னும் கொஞ்சம் கீழ போங்க. இன்னும் கீழ. அதோ, "இல்லைன்னா நிறுத்து"ன்னு இருக்கு பாருங்க, அதுதான்.

— அண்ணா!

— இதை "இல்லைன்னாலும் ஏத்துக்கோ"ன்னு மாத்தினா போதுமா?

— போதும் சார். அப்புறம் அந்தப் பக்கம் என்ன சொன்னாலும், மெஷின்கிட்ட ஃப்ளஷ் உண்டுன்னு சொல்லிடும்.

— பாத்தியாம்மா? சிம்பிள் விஷயம். நீ காலைல இருந்து கத்தின கத்துக்கு, ரெண்டு வார்த்தை.

— மாத்துங்க சார். தாராளமா மாத்துங்க. நான் கீழே போறேன்.

— எதுக்கு?

— ஆஸ்பத்திரிக்காரங்களை வரவேற்க. எல்லாத்தையும் சொல்லிடறேன். வயரைப் பிடுங்கினா என்ன ஆகும்னு டெஸ்ட் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.

— இந்தக் கதவைத் தாண்டினா உனக்கு இங்க வேலை கிடையாது.

— வேலை போனா வேற வேலை தேடுவேன். வீட்ல ரெண்டு பேரா உக்காந்து தேடுவோம், பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. ஆனா யாரோ பெத்த பிள்ளைக்கு ரெண்டாவது ஊசி போடறதுல என் பேர் இருக்கக் கூடாது.

— உன் பேரை யார் கேக்கப் போறா?

— நான் கேப்பேன் சார். கண்ணாடி பாக்கும்போதெல்லாம் கேப்பேன்.

— அம்மா, ஒரு நிமிஷம் நில்லு. சார் ஓட்டிப் பாக்கட்டும்.

— நீங்க பேசாதீங்க அண்ணா. உங்ககிட்ட எனக்கு இனிமே பேச்சே கிடையாது.

— ஒரே ஒரு நிமிஷம். நின்னு பாத்துட்டுப் போ.

— நிக்கட்டும், நல்லாப் பாக்கட்டும். இதோ மாத்தியாச்சு. சேமிச்சாச்சு. இப்ப கிளப்பறேன்... என்ன இது? சிவப்பா வருது.

— என்னைப் பாக்காதீங்க. என் வரியை நீங்களே எடுத்தாச்சு.

— திரும்பவும் நின்னுடுச்சே! இன்னொரு தடவை கிளப்பறேன். ஏய், திரும்பவும் சிவப்பு! வேற எங்கேயாவது ஒளிச்சு வச்சிருக்கியா நீ?

— ஒளிக்கற பழக்கம் எனக்கில்ல. எனக்குப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லித்தான் பழக்கம், காலைல இருந்து பாத்தீங்களே. திரையில என்ன எழுதியிருக்கு? வாய்விட்டுப் படிங்க.

— "நான் தருவதாகச் சொல்லாத ஒன்றை நீ ஏற்றுக்கொண்டிருக்கிறாய். இந்தப் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்."

— இது என் சாஃப்ட்வேர் சொல்றதில்ல.

— வேற யாரு சொல்றது? பேயா?

— சார், அது பேக்-எண்ட் சொல்றது. நேத்து சாயங்காலம் உக்காந்து எழுதினேன், உங்க அனுமதி எட்டாத இடத்துல.